பறவை வழிகாட்டி சலீம் அலி

மழைக்காலம் கழிந்து பனிக்காலம் தொடங்குந்தோறும் இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா முதலிய நாடுகளிலிருந்து ஒரு சாரார் நம் நாட்டிற்கு வருகின்றனர். எம்மூராகிய மங்கலத்திலும் அதனை அடுத்த திருப்பூரிலும் அயல்நாட்டார் என்போர் பின்னலாடைக்கு விலைபேச வருவோரே என்பது பலரது எண்ணம். யான் கூறும் இவர்களோ ஆடை கொள்வாரல்லர், கோயில் காண்பாருமல்லர். பறவைகளைக் காண்பதொன்றே கருதிக் கடல் கடந்து வருபவர். இராஜஸ்தானத்துப் பரத்பூர் நீர்நிலைகளுக்கும், கேரளத்துத் தட்டேக்காட்டுக்கும், நம் கோடியக்கரைக்கும் இவர்களை அழைத்துச் செல்ல வழிகாட்டிகள் உளர். வைகறையில் எழும் ஒற்றைக் குரலைக் கேட்டவளவிலே இன்ன பறவை, இன்ன மரத்தில், இன்ன கிளையில் உளது என்று கூற வல்லவர் அவர். பரத்பூரில் மூவுருளி வண்டி மிதிப்போருங்கூட இக்கலையில் தேர்ந்து, அதனால் தம் குடும்பம் புரக்கின்றனர்.

பறவை காட்டுதல் இன்று ஒருவனுக்குச் சோறிடும் தொழிலாயிற்று. ஆயின் 1930-ஆம் ஆண்டில், அத்தொழிலையே செய்துவந்த ஒருவர், கொடுக்கப் பொருளில்லை என்ற காரணத்தால் தம் வேலையை இழந்து நின்றார். அவரே சலீம் அலி. அவரது வரலாற்றை இளைஞராகிய நாம் அறிதல் தகும், ஏனெனில், அவர் நம்மைப் போலவே கணக்குப் பாடத்திற்கு அஞ்சினவர், பட்டம் பெறாதவர், முப்பது வயது கடந்தும் பிழைக்கும் வழி தெரியாது திகைத்தவர்.

சலீம் மொயிசுதீன் அப்துல் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12-ஆம் நாள், இன்று மும்பை எனப்படும் பம்பாய் மாநகரில், சுலைமானி போரா முஸ்லிம் குடும்பமொன்றில் ஒன்பதாவது மகவாகத் தோன்றினார். ஓராண்டு நிரம்புமுன் தந்தையையும், மூன்றாம் ஆண்டில் தாயையும் இழந்தார். தாய்மாமனாகிய அமிருதீன் தையப்ஜியும் அவர்தம் மனைவியாரும் அக்குழந்தைகளைத் தம் மக்களாகவே பேணி வளர்த்தனர். மாமனார் வேட்டையில் விருப்புடையவர். அவர் அளித்த காற்றுத் துப்பாக்கியைக் கொண்டு சிறுவன் சலீம் சிட்டுக்குருவிகளைச் சுட்டுத் திரிந்தான். பத்து வயதளவில் ஒருநாள் அவன் வீழ்த்திய சிட்டொன்றின் தொண்டையில் மஞ்சள் நிறம் தோன்றிற்று. இத்தகையதை உண்ணலாமோ ஆகாதோ என்பதே சிறுவனுக்கு எழுந்த ஐயம். மாமனார்க்கும் விடை தெரியவில்லை. அவர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டு என்னும் ஆங்கிலேயரிடம் மருகனை அனுப்பினார்.

வெள்ளையரிடம் செல்லச் சிறுவன் நடுங்கினான். மில்லார்டோ, அவனை அன்புடன் அமர்த்தி, அது மஞ்சள் தொண்டைச் சிட்டு எனத் தெளிவித்து, பதம் செய்து வைத்திருந்த பறவையுடல்களைப் பேழை பேழையாகத் திறந்து காட்டினார். படிக்க நூல்களும் உதவினார். பிற்காலத்தில் நாடெங்கும் வழிகாட்டிய ஒருவர்க்கு முதல் வழிகாட்டியாய் அமைந்தவர் இம்மில்லார்டே. ஒரு சிறுவனுக்காகச் செலவிட்ட அந்த ஒரு பொழுதைவிடப் பெரிய பணி எதனையும் அவர் செய்தார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கல்லூரி வாழ்வு இனிதாக அமையவில்லை. பம்பாய்த் தூய சவேரியார் கல்லூரியில் சேர்ந்தவர், முதலாண்டிலேயே கணக்கின் கடுமையால் தளர்ந்து, பர்மாவிலுள்ள தவாய் என்னும் பகுதிக்குச் சென்றுவிட்டார். ஆங்கு அவர் குடும்பத்தார்க்கு உல்பிரம் என்னும் கனிமச் சுரங்கமும் மரவாணிகமும் இருந்தன. வாணிகம் நலிந்தது, காடுகளில் அவர் கற்ற பறவைக்கல்வியோ வளர்ந்தது. 1917-இல் பம்பாய் மீண்டு வாணிகச் சட்டமும் கணக்கியலும் பயிலத் தொடங்கியபோது, சவேரியார் கல்லூரியிலிருந்த ஏசுசபைத் துறவி பிளாட்டர் அவர்கள், இவ்விளைஞரின் உள்ளம் எதில் ஊன்றியுள்ளது என்பதைக் கண்டுகொண்டார். பிளாட்டர் தாவரநூல் வல்லுநர். அவர் தூண்டுதலால் காலையில் கணக்கியல் வகுப்பும், அதன்பின் சவேரியார் கல்லூரியில் விலங்குநூல் வகுப்புமாகப் பயின்று, அவ்விலங்குநூற் பயிற்சியை நிறைவேற்றினார். ஆயினும் பல்கலைக்கழகப் பட்டம் கைகூடவில்லை. 1918-இல் தெஹ்மினா என்னும் நங்கையை மணந்தார். அம்மையார் கணவரின் காட்டுவாழ்வைச் சுமையெனக் கருதாது உடன் உறைந்தவர்.

பட்டமின்மை அவரை விடாது தொடர்ந்தது. இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையில் பறவைநூல் வல்லுநர் வேலையொன்றை நாடியபோது அக்குறையே தடையாயிற்று. 1926-ஆம் ஆண்டில் பம்பாய் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தில் இயற்கை வரலாற்றுப் பகுதி புதிதாகத் திறக்கப்பட, ஆங்கு வழிகாட்டி விரிவுரையாளர் என்னும் பதவி, திங்களுக்கு 350 ரூபாய் ஊதியத்தில் இவர்க்குக் கிடைத்தது. காண வருவோர்க்கு உயிரினங்களைக் காட்டி விளக்குதலே வேலை. இரண்டாண்டு அதனைச் செய்தவர், கண்ணாடிப் பேழைக்குள் இறந்து கிடப்பவற்றைக் காட்டுவதில் நிறைவு கொள்ளாது, விடுப்புப் பெற்று 1928-இல் பெர்லின் நகரஞ் சென்றார். ஆங்கு விலங்குநூல் அருங்காட்சியகத்தில், அக்காலப் பறவைநூலார்க்குள் தலைசிறந்த எர்வின் ஸ்ட்ரெஸ்மன் அவர்க்கு ஆசானானார். ஆளுங்குலத்து ஆங்கிலேயர் நாட்டில் கிட்டாத ஆசானை அவர் ஜெர்மனியில் பெற்றார். ஹெலிகோலாந்துத் தீவில் வலசை வரும் பறவைகளுக்கு வளையமிடும் முறையையும் கண்டறிந்தார்.

1930-இல் தாயகம் மீண்டபோது, முன்னைய வேலை இல்லை. பொருள் முட்டுப்பாட்டால் அப்பதவியே எடுபட்டுவிட்டது. வயது முப்பத்துமூன்று. வேறு வேலையுமில்லை. கடலோரக் கிகிம் என்னும் சிற்றூரிலிருந்த மனைவியின் உறவினர் இல்லத்திற்குக் குடிபெயர்ந்தார். அவ்வீட்டின் அருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. வேலையற்றவர்க்குப் பொழுது மிகுதியன்றோ! ஏணிமேல் அமர்ந்து, திங்கள் சிலவாக அவற்றையே நோக்கினார்.

தூக்கணாங்குருவிக் கூட்டை நாம் அறியாதவரல்லேம். கொங்கு நாட்டுக் கிணற்றோரங்களில் நீர்மேல் சாய்ந்த கிளைகளிலும், பனையோலை நுனிகளிலும் அவை தொங்கும். முழுக்கூடுகளோடு பாதியில் விடப்பட்ட கூடுகளும் காணப்படும். அவை ஆண் குருவி இளைப்பாறும் ஊசல் எனச் சிலர் கருதிவந்தனர். சலீம் அலி கண்டது வேறு. ஆண் குருவிகள் கூட்டமாகப் பாதிக்கூடு வரை கட்டி நிற்கின்றன. பின்னர்ப் பெண் குருவிகள் ஒருநாள் வந்து, மனை பார்க்க வந்த மாமியாரைப் போல் ஒவ்வொரு கூட்டையும் நுழைந்து சோதிக்கின்றன. மனத்திற்கு இசைந்த கூட்டைப் பெண் ஏற்றபின்னரே ஆண் அதன் நுழைவுக் குழலை நீட்டி முடிக்கிறது. பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் மற்றொரு கூட்டைத் தொடங்கி மற்றொரு பெண்ணை எதிர்நோக்குகிறது. ஏற்பாரின்றிக் கழிந்தவையே பாதிக்கூடுகள். இவ்வாராய்ச்சி வெளிவந்த பின்னரே அறிஞருலகம் அவர் பெயரை உற்றுநோக்கியது. இறந்த பறவையை அளந்து பெயரிடுதலே பறவைநூல் என்றிருந்த நாளில், உயிருள்ள பறவை என் செய்கிறது என்று பொறுத்திருந்து காண்பதே அந்நூலின் உயிர் என்பதை இது காட்டிற்று.

அதன்பின் அவர் கண்ட வழி துணிவுடையது. ஊதியம் வேண்டா, பாளையச் செலவு மட்டும் தருக என்று சுதேச அரசுகளை அணுகினார். ஐதராபாத்து அரசு இசைந்தது. 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி அரசுகளின் சார்பில் மறையூர் முதல் தட்டேக்காடு வரை மலையும் காடும் சுற்றினார். தட்டேக்காட்டின் பறவைவளத்தை அவர் உலகறியச் செய்தபின், 1983-இல் அவ்விடம் சரணாலயமாயிற்று. இப்பயணங்களிலெல்லாம் உடனிருந்து பாளையம் நடத்தியவர் தெஹ்மினா அம்மையார். 1939-இல் சிறிய அறுவை மருத்துவமொன்றன்பின் நஞ்சேறி அவர் மறைந்தார். அலி மறுமணம் புரிந்திலர். உடன்பிறந்த சகோதரியும் மைத்துனரும் அவரைத் தம் இல்லத்தில் வைத்துப் போற்றினர்.

ஈண்டு ஒன்று கூறவேண்டும். இவர் கையில் துப்பாக்கியும் இருந்தது. ஆய்வின்பொருட்டு ஆயிரக்கணக்கான பறவைகளை இவர் சுட்டுச் சேர்த்தார், அதனை மறைத்ததுமில்லை. பறவையின் இனவேறுபாட்டை ஐயமற அறிய அக்காலத்தில் வேறு வழியில்லை என்பது அவர் கொள்கை. இதனைக் குறையாகக் கூறுவாருளர். பரத்பூரில் 1938-இல் வைசிராய் லின்லித்கோ பிரபுவின் வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் வீழ்த்தப்பட்டன. அவ்விளையாட்டையும் இவ்வாராய்ச்சியையும் ஒரே தட்டில் வைத்தல் முறையன்று என்பது என் துணிபு. விடுதலைக்குப்பின் அந்நீர்நிலையை வற்றச்செய்து வேளாண்மைக்குக் கொள்ள வேண்டுமென்ற கிளர்ச்சி எழுந்தபோது, நேரு அவர்களிடம் முறையிட்டு அதனைக் காத்தவர்களுள் இவர் முதன்மையானவர்.

அயல்நாட்டார் பலர் இவரோடு நடந்து இந்நாட்டுப் பறவைகளைக் கண்டனர். அவருள் ஆங்கிலேயப் படைத்தலைவர் மைனெர்ட்சகேன் 1937-இல் ஆப்கானிஸ்தானத்துக்கு உடன் சென்றார். அலியைப் பற்றித் தம் நாட்குறிப்பில் கடுமையாக எழுதி வைத்தார். பின்னர் அதனைக் கண்ட அலி சினவாது, தம் வாழ்க்கை வரலாற்றிலேயே அதற்கு இடமளித்தார். மைனெர்ட்சகேன் அருங்காட்சியகப் பறவையுடல்களைக் கவர்ந்து பொய்க்குறிப்பு எழுதியவர் என்பது இருவரும் மறைந்தபின் வெளியாயிற்று. இனிய தோழமைக்கு எடுத்துக்காட்டு சிங்கப்பூர்ச் செல்வர் லோக் வான் தோ. உலகப்போரின்போது இந்தியாவில் அடைக்கலம் புகுந்த அவர், அலியின் மாணவர் போலாகி, பல பயணங்களுக்குப் பொருளுதவி, தாமும் உடன்சென்று பறவைகளை நிழற்படம் எடுத்தார். அமெரிக்கராகிய டில்லன் ரிப்ளியோ நூலாக்கத்தில் துணைவரானார். இருவரும் இயற்றிய இந்திய, பாகிஸ்தான் பறவைகளின் கையேடு 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது.

எனினும் பொதுமக்களைப் பறவைபால் திருப்பியது அப்பெருநூலன்று. 1941-இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் என்னும் ஒரு தொகுதி நூலே. முன்னர் ஜெர்டன், ஹியூம் முதலிய ஆங்கிலேயர் எழுதியவை அறிஞர்க்கே உரியன. இந்நூலோ, வண்ணப்படத்தோடு, எப்பறவையை எங்குக் காணலாம் என்று எளிதாகக் கூறியது. நேரு இந்நூலைச் சிறைக்காலத்தில் தம் மகள் இந்திராவுக்கு அளித்தார். வழிகாட்டியின் வேலையை, அருங்காட்சியகம் எடுத்துவிட்ட அவ்வேலையை, இந்நூல் வீடுதோறும் செய்தது எனலாம்.

நம் தமிழ்நாட்டோடும் இவர்க்குத் தொடர்புண்டு. 1957-இல் கன்னட நாட்டுக் கியாசனூர்க் காட்டில் உண்ணியால் பரவும் கொடிய காய்ச்சல் தோன்றிற்று. வடபுலத்திலிருந்து வரும் பறவைகள் அதனைக் கொணர்ந்தனவோ என்ற ஐயத்தால், உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையோடு பறவைகளுக்கு வளையமிடும் பணி இவர் தலைமையில் தொடங்கியது. அவ்வையம் மெய்ப்படவில்லை; பணியோ வளர்ந்தது. பீகாரைச் சார்ந்த மீர்ஷிகார் என்னும் பரம்பரைப் பறவை வேடர்கள் வலைவிரித்துப் பிடிக்க, அவற்றின் காலில் இலேசான உலோக வளையம் பூட்டி விடுத்தனர். கொன்று விற்றவர் கை, ஊறின்றிப் பிடித்து விடுக்கும் கையாயிற்று. கோடியக்கரையின் உள்ளான்களும் பூநாரைகளும் கண்டு வியந்த அலி அவ்விடத்தின் அருமையை எடுத்துரைத்தார். 1967-இல் அது சரணாலயமாயிற்று. தேனி மாவட்டத்து மேகமலையில் 1948-இல் பிடிபட்ட அரிய பழந்தின்னி வௌவாலுக்கு 1972-இல் இவர் பெயரையே சூட்டினர். பறவைக்கு வாழ்ந்தவர் பெயரை வௌவால் தாங்கியது வியப்பே!

1958-இல் பத்மபூஷண், 1976-இல் பத்மவிபூஷண் விருதுகள் வந்தன. கெட்டிப் பரிசாகக் கிடைத்த பெரும்பொருளை இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கே வைத்தார். அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டலாகாதென்று குரல் கொடுத்தோருள் இவரும் ஒருவர். 1985-இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அவ்வாண்டு வெளியிட்ட தம் வரலாற்று நூலின் பெயரிலும் அந்தச் சிட்டையே நினைவு கூர்ந்தார். குமாவுன் மலையடிவாரத்தில் ஃபின் தூக்கணாங்குருவியை மீண்டும் கண்டறிந்த அவர், இமயமலைக் காடையைத் தேடியும் கண்டிலர். 1876-க்குப் பின் அக்காடையை ஐயமறக் கண்டார் எவருமிலர்.

1987-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள் பம்பாயில் சலீம் அலி உயிர்நீத்தார். மூன்றாண்டு கழித்து அவர் பெயரால் பறவைநூல் ஆய்வு மையமொன்று நிறுவப்பெற்றது; அது நம் கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டி மலையடியில் உள்ளது. திருப்பூரின் நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயமாகி, 2024-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. பனிக்காலத்தில் ஆங்குச் செல்வோர், இமயங் கடந்து வரும் பட்டைத்தலை வாத்தினையும் காணக்கூடும்.