தண்ணீர் மண்ணாகுமா? 101 நாள் சூடாக்கிப் பார்த்த லவாய்சியர்!

ஐஸ் உருகினால் தண்ணீர், தண்ணீர் கொதித்தால் ஆவி. வடிவம்தான் மாறுகிறது, பொருள் அதேதான். இது இயற்பியல் மாற்றம். விறகு எரிந்தால் பொருளே வேறாகிவிடும். அது வேதியியல் மாற்றம். இன்று இது பள்ளிப் பாடம். ஆனால், 250 ஆண்டுகளுக்கு முன்பு அறிஞர்களுக்கே இதில் குழப்பம். அதைத் தராசு வைத்துத் தீர்த்தவர்களில் முக்கியமானவர் பிரான்ஸின் அந்துவான் லவாய்சியர்.

1743-ல் பாரிஸில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். படித்தது சட்டம், மனசு முழுக்க அறிவியல்.

பாத்திரம் சொன்ன உண்மை

தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டே இருந்தால் கொஞ்சம் மண்ணாக மாறிவிடும் என்று அப்போது பலர் நம்பினார்கள். அடியில் படியும் துகள்தான் ஆதாரம். 1768 அக்டோபரில் லவாய்சியர் சோதனையைத் தொடங்கினார். ஆவி வெளியே போகாமல் உள்ளேயே வடியும் கண்ணாடிப் பாத்திரத்தில் 101 நாள் தண்ணீரைச் சூடாக்கினார். துகள் வந்தது. ஆனால், மொத்த எடை மாறவில்லை. பாத்திரத்தைத் தனியாக எடை போட்டார். குறைந்திருந்தது! துகள் வந்தது கண்ணாடியிலிருந்து. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

தண்ணீரே உடைந்தபோது

அப்படியானால் தண்ணீர் வேறு பொருளாக மாறவே மாறாதா? மாறும். பழுக்கக் காய்ந்த இரும்புத் துப்பாக்கிக் குழாய் வழியே தண்ணீரைச் செலுத்தினார். 1785-ல் அறிஞர்கள் முன்னிலையில் அதைப் பெரிய அளவில் செய்தும் காட்டினார். மறுமுனையில் வந்தது எரியும் வாயுவான ஹைட்ரஜன். இரும்பின் எடை கூடியிருந்தது. தண்ணீரில் இருந்த ஆக்ஸிஜன் இரும்போடு சேர்ந்துவிட்டது.

1783-லேயே ஹைட்ரஜனை ஆக்ஸிஜனில் எரித்துத் தண்ணீரையும் உண்டாக்கியிருந்தார். ஆக, பழையபடி திரும்புமா என்பது மட்டும் சரியான சோதனை இல்லை. புதுப் பொருள் உருவானதா? அதுதான் கேள்வி.

உயிரைப் பறித்த வேலை

ஆய்வுக்குப் பணம் வந்த வழிதான் வினையானது. மன்னருக்காக வரி வசூலிக்கும் அமைப்பில் அவர் பங்குதாரர். மக்களுக்கு அந்த அமைப்பு மேல் கடும் கோபம். 1789-ல் அவருடைய புகழ்பெற்ற வேதியியல் நூல் வெளிவந்தது. அதே ஆண்டு புரட்சியும் வெடித்தது.

வரி வசூலித்தவர்கள் மேல் சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்று, எடையைக் கூட்ட புகையிலையில் அளவுக்கு மீறித் தண்ணீர் கலந்தார்கள் என்பது. காலமெல்லாம் தராசும் தண்ணீருமாக வாழ்ந்தவர் மீது இப்படியொரு பழி! 1794 மே 8 அன்று லவாய்சியர், அவருடைய மாமனார் உட்பட 28 பேர் கில்லட்டினில் கொல்லப்பட்டார்கள். அவருக்கு வயது 50.

ஆய்வகத்தில் கூடவே இருந்து குறிப்பெடுத்தவர், கருவிகளைப் படமாக வரைந்தவர் மனைவி மரி-ஆன். ஒரே நாளில் கணவரையும் தந்தையையும் இழந்த அவர்தான், லவாய்சியர் கடைசியாகத் தொகுத்துவந்த ஆய்வுக் கட்டுரைகளைப் பின்னாளில் நூலாக வெளியிட்டார்.