மதுக்கூடத்துக்குப் போகாமல் டெலிபோனை எடுத்தவர்

பில் வில்சன் 1895-ம் ஆண்டு அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தவர். நியூயார்க் பங்குச் சந்தையில் கை நிறையச் சம்பாதித்தார். எல்லாம் குடியில் போயிற்று. மனைவி லோயிஸ் கடை ஒன்றில் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். நான்கு தடவை ஆஸ்பத்திரியில் சேர்ந்த பில், 1934 டிசம்பரில் குடியை நிறுத்தினார்.

ஐந்து மாதம் கழித்துத் தொழில் விஷயமாக அக்ரான் நகருக்குப் போனார். போன காரியம் தோற்றது. முன்பின் தெரியாத ஊர், கையில் பணமில்லை. தங்கிய ஓட்டலிலேயே மதுக்கூடம். கால் அந்தப் பக்கம் இழுத்தது. தன்னைப் போல் குடியால் கெட்ட இன்னொருவரிடம் பேசினால்தான் தப்பலாம் என்று உணர்ந்தார். டெலிபோனில் பாதிரியார்களைக் கூப்பிட்டு விசாரித்தார்.

அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித். கால் மணி நேரத்தில் கிளம்ப நினைத்து வந்த டாக்டர், பல மணி நேரம் பேசினார். 1935 ஜூன் 10-ந் தேதியோடு அவரும் குடியை விட்டார். அதுவே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் ஏ.ஏ. அமைப்பின் பிறந்த நாள். பில் 1971-ல் காலமாகும்வரை மதுவைத் தொடவில்லை.

பெங்களூரிலும் ஏ.ஏ. கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் இல்லை, முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. குடியை விடும் எண்ணம் இருந்தால் போதும். ஆனால், நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். முதலில் டாக்டரைப் பார்ப்பது நல்லது. ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.