நிழலைத் தேடிய யுங்

அறிவியல் பயில வந்தவன் உளநூல் அறிஞர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவது ஏன் என நீங்கள் கேட்கலாம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோலார் தங்கவயலில் பாலகாட் என் ஊர். என் பாட்டனார் வட ஆர்க்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். 2001 இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு பிறந்தவன் நான். இங்கு வந்த முதலாண்டில் எவர் கேட்டாலும் என் ஊர் பெங்களூர் என்றே சொல்லி வந்தேன். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து வந்த இளைய மாணவன் ஒருவனோ, தன் தந்தை சுரங்கத்தில் உழைத்தவர் என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வான். அவனைக் கண்டாலே எனக்குச் சினம் பொங்கும். தியானம் செய் என்றார் ஒரு நண்பர். செய்தேன். அரைமணி அமைதி, எழுந்து வெளியே வந்தால் பழைய சினம். அந்நாளில்தான் நூலகத்தில் யுங்கைப் படித்தேன்.

கார்ல் குஸ்டாவ் யுங் 1875 ஜூலை 26 ஆம் நாள் சுவிட்சர்லாந்தில் கெஸ்வில் என்னும் சிற்றூரில் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பாசெல் நகரில் மருத்துவம் கற்று, 1900 இல் சூரிச்சிலுள்ள மனநோய் மருத்துவமனையில் பணியேற்றார். 1907 இல் வியன்னா சென்று பிராய்டைச் சந்தித்தார். முதல் சந்திப்பிலேயே பதின்மூன்று மணி நேரம் பேசினராம்! அந்த நட்பு 1913 இல் முறிந்தது.

அதன்பின் அவர் உள்ளத்தில் பெரும்புயல் எழுந்தது. விழித்திருக்கும்போதே பயங்கரக் காட்சிகள் தோன்றின. அவற்றை அடக்காமல் வரவிட்டு, எழுதியும் வரைந்தும் சிவப்புத் தோல் அட்டையிட்ட பெரிய ஏட்டில் பதித்தார். அவ்வேடு 2009 இல்தான் அச்சேறியது. கலக்கம் எல்லை மீறும்போது அவர் யோகப் பயிற்சி செய்தார். ஆனால் மனம் தணியும் மட்டுமே. தணிந்ததும் மீண்டும் அக்காட்சிகளிடமே திரும்பினார். இந்த இடத்தை நான் மும்முறை படித்தேன். நான் செய்ததோ முதற்பாதி மட்டுமன்றோ!

நமதென்று ஒப்ப மறுக்கும் குணங்களுக்கு அவர் நிழல் என்று பெயரிட்டார். அவை அழிவதில்லை, பிறர் முகத்தில் போய் ஒட்டிக்கொள்கின்றன. ராபர்ட்சன்பேட்டை மாணவன் செய்த குற்றம் என்னவென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மேலை நாட்டார் யோகத்தை அப்படியே பின்பற்றலாகாது என்று 1936 இல் பிரபுத்த பாரதம் இதழில் எழுதிய யுங், அடுத்த ஆண்டின் இறுதியில் இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளிவிழாவுக்காக இங்கு வந்தார். கல்கத்தாவில் சீதபேதி கண்டு மருத்துவமனையில் கிடந்தார். மைசூர் மன்னரின் விருந்தினராகத் தங்கி, அம்மன்னரின் குருவான சுப்பிரமணிய ஐயரோடு உரையாடினார். அன்று எங்கள் தங்கவயலும் மைசூர் அரசைச் சேர்ந்ததே. சென்னைக்கும் சென்றார். ஆனால் திருவண்ணாமலைக்குப் போய் இரமண மகரிஷியைக் காணவில்லை! 1944 இல் சிம்மரின் நூலுக்கு எழுதிய முன்னுரையில் அதற்கு ஏதேதோ சமாதானம் சொல்கிறார். எனக்கு அது நிறைவளிக்கவில்லை. அஞ்சினார் என்றே நினைக்கிறேன். திருவனந்தபுரத்தில் மகரிஷியின் சீடர் ஒருவரை மட்டும் சந்தித்தார். எளிய பள்ளி ஆசிரியரைப் போன்றவர், பல பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டியவர். குடும்பச் சுமையோடு ஞானத்தையும் நாடிய அவரை யுங் மிக வியந்திருக்கிறார்.

நிழலைப் பற்றி எழுதியவருக்கும் நிழல் இருந்தது. நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933 இல் உளமருத்துவச் சங்கம் ஒன்றின் தலைமையை ஏற்றார். யூதர் உளவியல் வேறு, ஜெர்மானியர் உளவியல் வேறு என்று அந்நாளில் எழுதவும் செய்தார். அந்தக் கறை இன்றும் அவர் பெயரோடு ஒட்டியிருக்கிறது. 1961 ஜூன் 6 ஆம் நாள் கியூஸ்நாக்டில் தம் இல்லத்தில் காலமானார்.

நான் தியானத்தை விடவில்லை. ஆயினும் மனநல ஆலோசகர் ஒருவரிடம் வாரம் ஒருமுறை போய், பாட்டனார் வாழ்ந்த லைன் வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். முதல் இரண்டு வாரம் வாயே திறக்கவில்லை. சென்ற மாதம் அந்த இளைய மாணவனிடம் நான் பாலகாட்டுக்காரன் என்று சொன்னேன். அவன் வியப்படையவில்லை.

“எந்த லைன், அண்ணா?” என்று மட்டும் கேட்டான்.