கேள்வி கேட்டே வளர்ந்த கோவைக்காரர்

(மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



விஞ்ஞானி என்றதும் நமக்கு ஐன்ஸ்டீன், நியூட்டன் என்று கடல் கடந்த பெயர்கள்தான் முதலில் வரும். ஆனால் பாலிடெக்னிக் மலரில் எழுதுவதென்றால், பாலிடெக்னிக் படிப்பையே கேள்வி கேட்ட ஒரு மனிதரைப் பற்றி எழுதுவதுதானே பொருத்தம்? அவர்தான் கோவை தந்த ஜி.டி. நாயுடு. கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது முழுப்பெயர். இந்தியாவின் எடிசன் என்று அவரைச் சொல்வார்கள்.

1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள், கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் என்னும் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். படிப்பு சுத்தமாக ஏறவில்லை. ஆசிரியர் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு ஓடி வந்தவர் என்று அவருடைய சிறுவயதைப் பற்றிச் சொல்வார்கள். (இதை மட்டும் நாம் பின்பற்ற வேண்டாம் நண்பர்களே, நமக்கு இன்டர்னல் மார்க் இருக்கிறது!)

ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி எப்படி ஓடுகிறது? அந்தக் கேள்வி அவரைத் தூங்க விடவில்லை. கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வராக வேலை பார்த்தார். கூலியைச் சேர்த்து வைத்து அதே ரகத்தில் ஒரு வண்டியை வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றினாரா? இல்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, மறுபடி மாட்டினார். அவருக்கு அதுதான் கல்லூரி, அதுதான் பிராக்டிகல்.

1920-ல் ஒரே ஒரு பஸ்ஸுடன் தொழில் தொடங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அது ஓடியது. அதுதான் பின்னால் யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937-ல் டி. பாலசுந்தரம் என்பவரோடு சேர்ந்து, இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டாரை வெளிக்கொண்டு வந்தார். இன்று நம்ம தென்காசிப் பக்கம் வயல் கிணறுகளில் ஓடும் மோட்டாரின் பிளேட்டைத் துடைத்துப் பாருங்கள். பலவற்றில் கோயம்புத்தூர் என்றுதான் எழுதியிருக்கும். கோவை மோட்டார் ஊரானதற்கு அப்போது போட்ட அஸ்திவாரம் ஒரு பெரிய காரணம் என்றால் மிகையாகாது.

அவர் கண்ணில் பட்ட பொருள் எதுவும் தப்பியதில்லை. எல்லாவற்றையும் பார்த்து மூன்றே கேள்விதான் கேட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என்ன வேலை செய்கிறது? எவ்வளவு நேரம் பிடிக்கிறது? ஏன் இவ்வளவு விலை? முகம் மழிப்பதில் தொடங்கினார்; பேட்டரியில் ஓடும் 'ரேசன்ட்' சவரக் கருவி வந்தது. மின்சாரம் இல்லாத வீட்டை நினைத்தார். மண்ணெண்ணெயில் சுற்றும் விசிறி வந்தது. ரேடியோ பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்த காலத்தில், 1941-ல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார். 1952-ல் இரண்டு பேர் போகக்கூடிய பெட்ரோல் காரை 2,000 ரூபாய் விலையில் உருவாக்கினார். ஆனால் அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை. கார் அதோடு நின்றுபோனது.

பொது விஷயங்களிலும் அவர் சும்மா இருந்தவர் அல்ல. தேர்தலில் நின்று தோற்றுப் போனார். தில்லுமுல்லு செய்ய முடியாதபடி ஓட்டுப் பதிவு இயந்திரம் ஒன்றையும் உருவாக்கினார். நம் நாட்டில் மின்னணு ஓட்டு இயந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது 1982-ல், கேரளத்தின் பரவூர் தொகுதியில். நாயுடு எவ்வளவு முன்னால் யோசித்திருக்கிறார் பாருங்கள்! வருமான வரி அதிகம் என்று கோபம் வந்தபோது, தன் கண்டுபிடிப்புகளைத் தானே எல்லார் முன்னிலையிலும் உடைத்துக் காட்டினார். இது எனக்குச் சரியாகப் படவில்லை. வரி போட்டவன் ஒருத்தன், அடி வாங்கியது ரேடியோவா? நாலு ஏழைப் பையன்களுக்கு அந்த ரேடியோவைக் கழற்றிப் படிக்கக் கொடுத்திருக்கலாமே!

1967-ல் காலையில் அஸ்திவாரம் தொடங்கி அன்று மாலைக்குள் ஒரு வீட்டை முடித்துக் காட்டினார். இதைப் பற்றிக் குற்றாலம் போகிற பஸ்ஸில் எங்களுக்குள் பெரிய பட்டிமன்றமே நடந்தது. சிவில் நண்பன் விடவில்லை. ஏலே, கான்கிரீட் முழு பலம் வர 28 நாள் தண்ணீர் ஊற்ற வேண்டாமா, ஒரே நாளில் கட்டினால் மறுநாள் நிற்குமா என்று கேட்டான். சுவர் எழுப்பிக் கூரை போடுவது வேறு, பலம் ஏறுவது வேறு என்று நான் சொன்னேன். அதற்குள் ஐந்தருவி வந்துவிட்டது, தீர்ப்பு வரவில்லை. நாயுடு கேட்டிருந்தால் கைதட்டியிருப்பார். பெரிய மனிதர் செய்தது என்பதற்காக அப்படியே நம்பாமல், தலையைச் சொறிந்து கேட்பதுதான் அவர் வழி.

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். 1945-ல் நாயுடுவின் முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரை அதற்கு வைத்தார்கள். அதுவே பிற்பாடு இடம் மாறி, இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக நிற்கிறது. கல்லூரி போன பிறகும் அந்த இடத்தை ஜனங்கள் ஹோப் காலேஜ் என்றே சொல்கிறார்கள். அதன் முதல்வராக இருந்த நாயுடு, பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டு எதற்கு, இரண்டே ஆண்டு போதும், மீதி மாணவனின் காலத்தை வீணடிப்பது என்று வாதாடினார். ரேடியோ, மோட்டார் வாகனம் போன்றவற்றை ஆறே வாரத்தில் கற்றுத் தரவும் வகுப்பு வைத்தார். ஆங்கில அரசு ஒப்பவில்லை. பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்துவிட்டார்!

இந்த இடத்தில்தான் நான் நாயுடுவோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் முதல்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். அம்மா பீடி சுற்றுகிறாள். பீடித்தட்டை மடியில் வைத்தால், ஆயிரம் பீடி முடிய விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிடும். என் படிப்பின் ஒவ்வொரு நாளும் அந்த ஆயிரத்தில்தான் போகிறது. அப்படியிருக்க, ஆறு வாரத்தில் படிப்பு முடியும் என்றால் எனக்குக் கசக்குமா? ஆனால் நாயுடு சொந்தத் தொழில் வைத்திருந்தவர். அவரிடம் யாரும் சர்டிபிகேட் கேட்கவில்லை. நம்மிடமோ கம்பெனி கேட்டிலேயே மார்க் ஷீட் ஜெராக்ஸைக் கேட்கிறார்கள். கை வேலை எவ்வளவு தெரிந்தாலும், காகிதம் இல்லாத ஏழைப் பிள்ளையை உள்ளே விடமாட்டார்கள். ஆகவே மூன்று ஆண்டும் நமக்கு வேண்டியதுதான்.

அதற்காக நாயுடுவின் கேள்வி தோற்றுவிட்டதா? இல்லவே இல்லை! இந்த மூன்று ஆண்டில் ரெக்கார்டு நோட்டைப் பார்த்துப் பார்த்து எழுதிய நேரத்தைக் கூட்டுங்கள். லேத்தில் கை வைத்த நேரத்தைத் தனியாகக் கூட்டுங்கள். எது அதிகம்? அவரவர் மனசாட்சிக்குத் தெரியும். படிப்பின் ஆண்டைக் குறைக்க நம்மால் முடியாது. ஆனால் வீணாகும் மணியைக் குறைப்பது நம் கையில்தான் இருக்கிறது.

கேள்வி கேட்க வெளியூர் போக வேண்டாம், நம்ம ஊரிலேயே இருக்கிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து ஒரு மாணவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். மலைமேல் பெய்யும் மழை, கீழே குளிப்பவனுக்குத் தெரியாது. மேலே ஓடையில் ஒரு மிதவை, அதில் ஒரு சுவிட்ச், கீழே ஒரு சைரன், ஒரு பேட்டரி. வீட்டுத் தண்ணீர் டேங்க் நிறைந்தால் மணி அடிக்கிற அதே சங்கதிதானே? உடனே எதிர்க் கேள்வியும் வர வேண்டும். சருகு அடைத்தால் மிதவை எழும்புமா? இடி விழுந்தால்? யானை மிதித்தால்? யார் மாதாமாதம் போய்ப் பார்ப்பது? இதை நாலு துறைப் பிள்ளைகளும் உட்கார்ந்து அடித்துப் பேசினால், கடையில் விலைக்கு வாங்கி வரும் ப்ராஜெக்ட்டைவிட ஆயிரம் மடங்கு மேல்.

நாயுடு 1974 ஜனவரி 4-ஆம் நாள் மறைந்தார். 2025-ல் கோவை அவிநாசி சாலையில் திறந்த 10 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் சண்டை போட்டுவிட்டு வந்த ஹோப் காலேஜுக்கு மேலேயே அந்தப் பாலம் போகிறது. அவர் உயிரோடு இருந்தால் பெயரைப் பார்த்து மகிழ்வதற்கு முன், ஒரு கிலோமீட்டருக்கு என்ன செலவாயிற்று என்றுதான் கேட்டிருப்பார்.

நாமும் கேட்போம் நண்பர்களே! கேட்டதோடு நில்லாமல், ஸ்பேனரைக் கையில் எடுத்துக் கழற்றியும் பார்ப்போம். கழற்றியதை மறுபடி மாட்டத் தெரிந்தவனே டிப்ளமோ படித்தவன்!