காணாத கிருமியை வென்ற லூயி பாஸ்டர்

1822இல் பிரான்சின் டோல் என்ற ஊரில், தோல் பதனிடுபவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் லூயி பாஸ்டர். அவர் இரசாயனம் கற்றவர், வைத்தியர் அல்லர். பால் புளிப்பதற்கு நுண்ணுயிர்களே காரணம் என நிறுவியவர்.

ஆனால், விசர்நாய்க்கடி நோயின் கிருமி நுணுக்குக்காட்டியில் தெரியவில்லை. போத்தலில் வளர்க்கவும் முடியவில்லை. உயிருள்ள உடலில் மட்டுமே அது பெருகியது. ஆகவே முயலிலிருந்து முயலுக்குச் செலுத்தி அதை வளர்த்தார். நோயில் இறந்த முயலின் முள்ளந்தண்டு நரம்பை நாட்கணக்கில் உலர்த்தியபோது கிருமியின் வேகம் தணிந்தது. அதுவே தடுப்பு மருந்தாயிற்று.

1885 ஜூலையில், 14 இடங்களில் நாய்க்கடிபட்ட 9 வயது ஜோசப் மெய்ஸ்டரைத் தாயார் அவரிடம் அழைத்து வந்தார். ஊசி ஏற்றினால் என்னாகுமோ என்ற அச்சம். ஏற்றாவிட்டால் மரணம் வரலாம். பாஸ்டர் துணிந்தார். வைத்தியர் ஒருவர் 13 ஊசிகள் ஏற்ற, சிறுவன் பிழைத்தான்.

1895இல் பாஸ்டர் மறைந்தார். அக்கிருமி ஒரு வைரசு என்பது பின்னரே தெளிவாயிற்று. 1907இல், நம் ஊவாவைப் போலவே தேயிலை விளையும் நீலகிரிக் குன்னூரில் அவர் பெயரால் ஒரு நிலையம் எழுந்தது. இன்று தோட்டத்துப் பிள்ளையை நாய் கடித்தால், காயத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். அங்கே காத்திருக்கும் ஊசிக்கு வழிதிறந்தவர் இவரே.