விலகிய நிறுவனத்துக்கே திரும்பிய பெயர்

இந்தியாவில் 2015-இல் அறிமுகமான மெர்சிடிஸ்-மேபேக் சொகுசு கார், ஜெர்மானியப் பொறியாளர் வில்ஹெல்ம் மேபேக்கின் (1846-1929) பெயரைத் தாங்கியதாகும்.

ஹைல்பிரானில் பிறந்து, 10 வயதில் பெற்றோரை இழந்த அவர், ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்தார். அங்கு அவரது திறமையைக் கண்டறிந்த காட்லிப் டெய்ம்லர், தமது ஆய்வுகளில் அவரை இணைத்துக் கொண்டார். டெய்ம்லர் நிறுவனத்துக்காக மேபேக் வடிவமைத்த முதல் மெர்சிடிஸ் கார், 1901-இல் பந்தயங்களில் வென்று புகழ் பெற்றது. எனினும், டெய்ம்லரின் மறைவுக்குப் பின் நிர்வாகத்தால் ஓரங்கட்டப்பட்ட மேபேக், 1907-இல் விலகினார்.

1909-இல் செப்பலினுடன் இணைந்து, ஆகாயக் கப்பல்களுக்கான என்ஜின் நிறுவனத்தைத் தொடங்கினார். மகன் கார்ல் தலைமையில் 1921-இல் மேபேக் கார் வெளிவந்தது.

அந்நிறுவனத்தை 1960-இல் டெய்ம்லர்-பென்ஸ் வாங்கியது. 2002-இல் தனி ரகமாகப் புத்துயிர் பெற்ற மேபேக், போதிய விற்பனையின்றி 2012-இல் கைவிடப்பட்டது. 2014-இல் மெர்சிடிஸின் துணைப் பிராண்டாக மீண்டது. அவரை ஓரங்கட்டிய நிறுவனத்தின் உயர்ரகக் கார்களை இன்று அடையாளப்படுத்துவது அவரது பெயரே.