வலி வென்ற வள்ளல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பிய மக்கள் அறுவை மருத்துவம் என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்கினர். உணர்விழக்கச் செய்யும் மருந்து அப்பொழுது அங்கு வழக்கில் இல்லை. வலியால் துடிக்கும் நோயாளியைச் சிலர் இறுகப் பற்றிக்கொள்ள, மருத்துவர் விரைந்து கத்தியைச் செலுத்துவார். இக்கொடுமையை ஒழிக்கப் பாடுபட்ட பெரியோருள் ஒருவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன்.

இவர் 1811-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டில் பாத்கேட் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ரொட்டி சுட்டு விற்பவர். குடும்பம் எளியதாயினும், தம்பியின் அறிவுக் கூர்மையைக் கண்ட தமையன்மார் அவர்தம் கல்விக்கு உதவினர். பதினான்காம் வயதில் சிம்ப்சன் எடின்பரோ பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார்.

மாணவராயிருந்தபொழுது, பெண்ணொருத்திக்குச் செய்யப்பட்ட அறுவையை அவர் கண்டார். அவள் பட்ட வேதனையைக் காணப் பொறாது, மருத்துவக் கல்வியையே துறக்கக் கருதி, வழக்குமன்றத்தில் எழுத்தர் வேலை நாடிச் சென்றார். ஆயினும், துன்பத்தைக் கண்டு விலகுவதினும் அதனைக் களைய முயல்வதே கடன் எனத் தெளிந்து மீண்டார். 1840-இல், தம் இருபத்தெட்டாம் வயதில், அப்பல்கலைக்கழகத்திலேயே மகப்பேற்று மருத்துவப் பேராசிரியரானார்.

1846-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்பவர் ஈதர் ஆவியால் நோயாளியை மயக்க, அறுவை நடைபெற்றது. சிம்ப்சனும் ஈதரைப் பயன்படுத்தினார். ஆனால் அதன் நெடி கடுமையானது. எனவே, அதனினும் சிறந்ததொன்றைத் தேடிப் பல பொருள்களின் ஆவியைத் தாமே முகர்ந்து ஆராய்ந்தார். 1847 நவம்பர் 4-ஆம் நாள் இரவு, நண்பர் இருவருடன் தம் இல்லத்தில் குளோரோபாரத்தை முகர்ந்தார். களிப்புடன் உரையாடிய மூவரும் சிறிது நேரத்தில் உணர்விழந்து வீழ்ந்தனர். விழித்தெழுந்த சிம்ப்சன், தேடிய மருந்து கிடைத்ததென மகிழ்ந்தார். சில நாள்களிலேயே மகப்பேற்றிலும் அதனைப் பயன்படுத்தினார்.

மகப்பேற்று வலி இறைவன் விதித்தது. அதனை நீக்குதல் தகாது எனச் சிலர் எதிர்த்தனர். முதல் மனிதனின் விலா எலும்பை எடுக்குமுன் இறைவன் அவனைத் துயிலில் ஆழ்த்தியமையை விவிலியத்திலிருந்தே சுட்டி, சிம்ப்சன் விடையிறுத்தார். 1853-இல் விக்டோரியா அரசியாரே மகப்பேற்றின்பொழுது அம்மருந்தை ஏற்றார். எதிர்ப்பும் தளர்ந்தது.

குளோரோபாரம் தீங்கற்றதன்று. 1848-இலேயே இங்கிலாந்தில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி அதனை முகர்ந்து உயிரிழந்தாள். இதயத்திற்கும் ஈரலுக்கும் கேடு விளைப்பதால், இருபதாம் நூற்றாண்டில் வேறு மருந்துகள் அதன் இடத்தைப் பெற்றன.

சிம்ப்சன் 1870-ஆம் ஆண்டு மே திங்களில் மறைந்தார். அவர் கண்ட மருந்து வழக்கொழிந்தது. எனினும், நோயாளியின் வலியைப் போக்குவதும் மருத்துவர் கடமையே என அவர் நாட்டிய அறம் நின்று நிலவுகின்றது.